பழந்துப்பாக்கியும் புதுக்குறியும்

படைக்கலம் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே முகஞ்சுளிப்பாரும் உளர். மார்பு விம்முவாரும் உளர். யாம் நெடுநாள் முதல் வகுப்பினரோடு நின்றோம். தமிழ் பயிலும் மாணவராகிய யாம், கல்லூரி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதியில், கைத்துப்பாக்கியைப் பற்றி எழுதப் புகுந்தது என்னையோ என்று அன்பர்கள் வினவக்கூடும். அதற்கு விடை எம் மேசைமேற் கிடக்கும் ஓர் ஈயக்குண்டே. நூறாண்டும் இருநூறாண்டும் கடந்த பழைய கைத்துப்பாக்கிகளை, இலக்குத் தாளை நோக்கிச் சுடும் போட்டிகளில் முறையோடு பயன்படுத்துதல் தகுமா, தகாதா என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். தகும் என்பது எம் துணிபு. ஆயின் அத்துணிபுக்கு வரம்புகள் சில உள. அவற்றையும் மறையாது கூறுவோம்.

எம் பாட்டனார் ஊர் கருங்குழி. செங்கற்பட்டிலிருந்து மதுராந்தகம் செல்லும் பெருவழியில், இருப்புப்பாதையும் தொடவுள்ள சிற்றூர் அது. இன்று அவ்வழியே விரையும் வண்டிகளில் அமர்ந்திருப்போர் அவ்வூரைத் திரும்பியும் பாரார். ஆயின் 18ஆம் நூற்றாண்டில் அஃது அங்ஙனம் இருந்ததில்லை. தெற்கிலிருந்து சென்னைக்கு வரும் வழியைக் காத்து நின்ற கோட்டை அங்கே இருந்தது. ஆங்கிலேயர் தம் வாய்க்கு வந்தவாறு அவ்வூரின் பெயரைக் 'காரங்கூலி' எனத் திரித்து எழுதினர். 1759ஆம் ஆண்டின் இறுதியில், வந்தவாசிக் கோட்டையைக் கைப்பற்றிய கையோடு, கர்னல் அயர் கூட் என்பார் கருங்குழிக் கோட்டையையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கவர்ந்தார். பின்னர் ஐதர் அலியின் படை கர்நாடகத்திற் புகுந்த காலத்தில் அக்கோட்டை அவர்வசமாயிற்று. 1781ஆம் ஆண்டு சனவரியில் கப்பித்தான் டேவிஸ் என்பார் தலைமையிற் சென்ற படை அதனைத் திடீரெனத் தாக்கி மீட்டது. பின்னர்ச் சில காலம் ஜில்லாக் கலெக்டரின் இருப்பிடமும் அதுவேயாயிற்று. இன்று எஞ்சியிருப்பன மேடும் பள்ளமுமே.

சென்ற கோடை விடுமுறையில் யாம் அங்கே தங்கியிருந்த ஞான்று, பாட்டனார் தம் பெட்டகத்திலிருந்து ஒரு பொருளை எடுத்து எம் உள்ளங்கையில் வைத்தார். சுண்டைக்காயினும் பெரிது, நெல்லிக்காயினும் சிறிது, சாம்பல் பூத்த நிறம், அளவுக்குப் பொருந்தாத கனம். அவர் இளமையில் ஏர் உழுதபோது கொழுமுனையிற் பட்டெழுந்த ஈயக்குண்டு அது. யாம் அதனைக் கண்டு அருவருப்புற்றோம். அக்கோட்டையைத் தாக்கியோரிலும் காத்தோரிலும் நம் நாட்டார் எத்துணையோ பேர். கும்பெனியின் சம்பளத்துக்கென்று சிவப்புச் சட்டை பூண்டவருள் தமிழரும் தெலுங்கரும் மிகப் பலர். "இஃது எவன் மார்பைத் துளைத்ததோ, தாத்தா?" என்றோம். அவர் நகைத்து, "துளைத்திருந்தால் இப்படி உருண்டையாக இருக்குமா, தம்பி? இது யாரையும் தொடவில்லை. சுட்டவன் குறி தப்பிவிட்டான். அதனால் எவனோ ஒருவன் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பான்" என்றார்.

அச்சொல் எம் நெஞ்சிற் பதிந்தது. போர்க்களத்திற் குறி தப்பினால் ஓர் உயிர் தப்பும். ஆண்டுக் குறிபிழையாமை ஒருவனுக்குப் புகழாயினும் மற்றொருவனுக்குச் சாவு. இலக்குத் தாளை நோக்கிச் சுடுங்கால் குறி தப்பினால் சுட்டவனுக்கு ஒரு பாடம் கிட்டும், தப்பாவிடில் அவனுக்கு மகிழ்ச்சி, அழுவார் எவருமில்லை. ஒரே கருவி, ஒரே கண், ஒரே கை. எதிரே நிற்பது யாது என்பதொன்றே வேறுபாடு. அவ்வேறுபாடு சிறிதன்று என்பதை உணர்ந்த பின்னரே யாம் இப்பொருளை ஆராயத் தொடங்கினோம்.

கைத்துப்பாக்கியின் பழைய வரலாறு பெருமைக்குரியதன்று. அக்காலத்து ஐரோப்பியப் பெருமக்கள் தம் மானம் இழுக்குற்றதெனக் கருதியவிடத்து, இணையாகச் செய்து பேழையில் வைத்த இரு துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் எதிரெதிர் நின்று சுட்டுக்கொள்வர். 1780இல் கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்சும் பிலிப் பிரான்சிசும் அங்ஙனம் சுட்டுக்கொண்டனர். சென்னையும் இவ்விழிவுக்குத் தப்பியதன்று. 1784இல், சென்னைக் கவர்னராயிருந்த மெக்கார்ட்னி பிரபு, தம் ஆலோசனைச் சபையினரான சாட்லியர் என்பாரோடு துப்பாக்கிப் பூசலிட்டுக் காயமுற்றார். 1786இல் இலண்டனில் மீண்டும் ஒரு பூசல். இம்முறை எதிர்நின்றவர் சேனாபதி ஸ்டுவர்ட். இவர் 1781இல் காஞ்சிக்கு அணித்தான பொள்ளிலூர்ப் போரில் ஒரு காலை இழந்தவர். மரத்திற் சாய்ந்துகொண்டே சுட்டார். மெக்கார்ட்னி மறுபடியும் காயமுற்றார். நம் நாட்டு மண்ணில் மூண்ட பகை கடல் கடந்தும் அவியவில்லை. நாடாள்வோரே இங்ஙனம் நடந்தனரெனின், அக்கருவியை வெறுத்தல் இயல்பேயன்றோ?

ஆயினும் காலம் அக்கருவிக்கு வேறொரு வழியையும் காட்டிற்று. 1906இல் ஏதென்ஸ் நகரில் நடந்த விளையாட்டு விழாவில், பூசல் துப்பாக்கியை உயிருள்ள மனிதனை நோக்கியன்றி, நெடுஞ்சட்டை அணிவித்த பொம்மையை நோக்கிச் சுட்டனர். 1908இல் இலண்டன் ஒலிம்பிக் விழாவின்போது மெழுகாற் செய்த குண்டுகளைக்கொண்டு, முகமூடியும் காப்புடையும் அணிந்தோர் எதிரெதிர் நின்று சுட்டுக் காட்டினர். பொம்மையும் மெழுகும் பகையின் நிழலை முற்றும் நீக்கவில்லை. எனினும் அவை நல்வழியின் முதற்படிகள். இன்று போட்டியாளர் நோக்குவது வட்டங்கள் வரைந்த தாளையே. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் விழாவில் மனு பாக்கர் என்னும் நம் நாட்டு நங்கை, காற்றழுத்தக் கைத்துப்பாக்கியால் அத்தகைய இலக்கைச் சுட்டே இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றார்.

அது புதுக்கருவி. பழங்கருவியையே எடுத்துப் போட்டியிடுவோரும் உலகெங்கும் உளர். குழலின் வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கென 1971இல் பன்னாட்டுக் குழு ஒன்று தோன்றியது. ஈராண்டுக்கொருமுறை அதன் உலகப் போட்டி நடைபெறுகிறது. பழந்துப்பாக்கிக் கொல்லர்களின் பெயர்களையே போட்டிகளுக்கு இட்டு வழங்குதல் அக்குழுவின் மரபு. சக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றும் கைத்துப்பாக்கிப் போட்டிக்கு இத்தாலியக் கொல்லர் மரபாகிய கோமினாட்சோவின் பெயர். தொப்பி வைத்துச் சுடும் கைத்துப்பாக்கிப் போட்டிக்குச் செருமானியக் கொல்லர் மரபாகிய கூக்கன்ராய்ட்டரின் பெயர். அவ்வகைச் சுழல்துப்பாக்கிப் போட்டிக்கு மரியெட் என்னும் பெயர். யப்பானியரின் திரித்துப்பாக்கிக்கும் தான்சுத்சு என்னும் தனிப்போட்டி உண்டு. இவற்றுள் இலக்கு 25 மீட்டர்த் தொலைவில் நிற்கும். 30 நிமிடத்துள் 13 முறை சுடலாம்; அவற்றுட் சிறந்த 10 மட்டுமே கணக்கிற் கொள்ளப்படும். மூன்று பிழைகளைப் பொறுக்கும் இச்சட்டத்தை யாம் மிக விரும்புகின்றோம். எம் தேர்வுத் தாள்களுக்கும் இஃது இருந்தால் எத்துணை நன்று!

இவ்விளையாட்டாற் பெறும் பயன் யாது என வினவின், அக்கருவியின் இயல்பிலேயே விடை உளது. முதற்கண் வெடியுப்பும் கரியும் கந்தகமும் கூட்டிய கருமருந்தை அளந்து குழலிற் பெய்தல் வேண்டும். பின்னர்த் துணித்துண்டிற் பொதிந்த ஈயக்குண்டை இட்டு, கோலாற் கெட்டித்தல் வேண்டும். பின்னர்ப் பற்றுவாயின் அருகேயுள்ள சிறுகுழியில் மெல்லிய மருந்தை இடுதல் வேண்டும். விசையை இழுத்தால், கல்லைக் கவ்விய குதிரை எஃகில் மோதும், பொறி தெறிக்கும், குழியிலுள்ள மருந்து கனன்று, பற்றுவாய் வழியே உள்மருந்தைத் தொடும், அதன்பின்னரே குண்டு புறப்படும். இவையனைத்தும் கண்ணிமைக்கும் பொழுதில் முடிவனவே. ஆயினும் விசை இழுத்தற்கும் குண்டு புறப்படுதற்கும் இடையே நுண்ணிய காலம் ஒன்று உண்டு. அந்நேரத்தில் முகத்தருகே தீ எழும். அதற்கு அஞ்சிக் கண் மூடினவனும், செயல் முடிந்ததென்று கையைத் தளரவிட்டவனும் குறி தப்புவர். செயலைத் தொடங்கிய பின்னும் அது நிறைவேறும்வரை நிலைத்து நிற்பவனே வெல்வான்.

பறவையின் கண்ணையன்றிப் பிறிதொன்றும் காணாத விசயன் கதையை நாம் அனைவரும் சிறுபருவத்திற் கேட்டுளோம். அஃது அம்பு எய்தற்கு முன்னுள்ள ஒருமையைக் கற்பிப்பது. பழந்துப்பாக்கியோ எய்த பின்னும் வேண்டும் ஒருமையைக் கற்பிக்கின்றது. தொடங்கிவிட்டு நடுவே சோர்தலே எம்போன்ற மாணவரிடத்து மிக்குக் காணும் குறை. நூலை விரித்த நாளில் உள்ள ஊக்கம் நூறாம் பக்கத்தில் இருப்பதில்லை. அக்குறையைச் சொல்லாற் கடிந்துரைக்கும் ஆசிரியர் பலர். தப்பிய குறியைக் கண்முன் காட்டி, வாய்திறவாமலே கடியும் ஆசிரியன் இக்கருவி.

இனித் தடைகளை எடுத்துக்கொள்வோம். முதல் தடை, படைக்கலம் எவ்வாறாயினும் படைக்கலமே, அதனைக்கொண்டு விளையாடுதல் அதனிடத்து அன்பை வளர்க்கும் என்பது. இதனை எளிதில் தள்ளிவிட எம்மால் இயலவில்லை. படைக்கலம் உழுபடையாய் மாறும் காலத்தை எசாயா தீர்க்கதரிசி கண்டார். எம் பாட்டனாரின் கொழுமுனையோ படைக்கலத்தின் எச்சத்தையே மண்ணினின்றும் எடுத்துத் தந்தது. மாற்றம் என்பது கருவியை உருக்குவதால் மட்டும் நிகழ்வதன்று. அதன் முன் நிற்கும் பொருளை மாற்றுவதாலும் நிகழும். சுவரில் மாட்டி, இஃது எம் முன்னோன் இத்துணைப் பேரைக் கொன்ற துப்பாக்கி என்று விருந்தினர்க்குக் காட்டுதல் அன்றோ கொலையிடத்து அன்பை வளர்ப்பது? தாளிற் பத்துப் புள்ளி பெற்றவன் தன் கையின் உறுதியைப் பற்றியே பேசுவான்.

இவ்விடத்தில் எம் ஊர்ப்புறத்துச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகின்றது. கருங்குழிக்கு அணித்தான வேடந்தாங்கல் ஏரிக்கு ஆண்டுதோறும் பறவைகள் வந்து கூடுகட்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் அவற்றைச் சுட்டு வீழ்த்தினர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீரே தம் வயலுக்கு உரம் என்பதை அறிந்த ஊரார் வெகுண்டு, கலெக்டரிடம் முறையிட்டனர். பறவைகளைச் சுடலாகாது என்னும் ஆணையையும் பெற்றனர். அக்காலத்தில் அங்கே கலெக்டராயிருந்தவர் லயனல் பிளேஸ் துரை. துப்பாக்கி எதை நோக்கலாம், எதை நோக்கலாகாது என்று வரம்பு கட்டியவர் எம் நாட்டு உழவர் என்பதில் எமக்குப் பெருமையுண்டு.

பறவைக்கும் இக்கருவிக்கும் மற்றுமொரு தொடர்பும் உளது. சக்கிமுக்கித் துப்பாக்கியின் சிறுகுழியில் எழும் தீயைக் கண்டு பறவைகள் குண்டு வருமுன் பறந்துவிடுதலால், அத்தீயை மறைக்க எண்ணி, 1807இல் புதுப்பொறிக்கு உரிமை பெற்றவர் அலெக்சாண்டர் போர்சைத் என்னும் ஸ்காட்லாந்துப் போதகர். தட்டினால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்கு ஏற்றிய அவர் கருத்திலிருந்தே தொப்பித் துப்பாக்கி தோன்றியது. திருப்பணியாளர் ஒருவரின் வேட்டை விருப்பம் உலகத்துப் படைகளையெல்லாம் மாற்றிற்று. சிறு குறியைக் கருதிச் செய்த செயல் எவ்வளவு தொலைவு சென்று தைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இரண்டாம் தடை, பழம்பொருள் அழியும் என்பது. இத்தடை முற்றும் உண்மை. கருமருந்தின் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். மாமல்லபுரக் கரையோரத்து உப்புக்காற்றில் ஒருநாள் கழுவாது விடினும் குழலிற் செந்துரு பூக்கும். சுட்ட அன்றே வெந்நீரால் அலசி, உலர்த்தி, எண்ணெய் இடுதல் வேண்டும். ஆகலின் வரலாற்றுச் சிறப்புடைய கருவியை எக்காரணம்பற்றியும் சுடலாகாது என்பது எம் முதல் வரம்பு. தஞ்சை அரண்மனைப் படைக்கொட்டிலிலிருந்து எழும்பூர்ப் பொருட்காட்சிச்சாலைக்கு வந்தனவும், புனித ஜார்ஜ் கோட்டையின் பொருட்காட்சிச்சாலையில் உள்ளனவும் அங்கேயே கண்ணாடிக்குள் இருத்தல் வேண்டும். ஒன்றே எஞ்சிய ஓலைச்சுவடியை நாள்தோறும் புரட்டிப் பாடங்கேட்பார் உண்டோ? படியெடுத்தன்றோ பயில்வர்? அங்ஙனமே பழங்கருவியின் அமைப்பிற் சிறிதும் வேறுபடாது இன்று வார்த்துச் செய்த படிக்கருவிகள் உள. பன்னாட்டுக் குழுவும் மூலக்கருவிக்கு ஒரு பிரிவும் படிக்கருவிக்கு ஒரு பிரிவும் வகுத்துள்ளது. பயில்வோர்க்குப் படியே போதும்.

மூன்றாம் தடை, இடுக்கண். பழைய இரும்பில் கண்ணுக்குப் புலப்படாத கீறல் இருக்கலாம். துப்பாக்கி வெடித்துச் சுட்டவன் கையையே கொண்டுபோகலாம். ஆகலின் கைதேர்ந்த வினைஞர் ஆராய்ந்து தகுதி கூறிய கருவியையன்றிப் பிறிதைத் தொடலாகாது. அதில் கருமருந்தையன்றி இக்காலத்துப் புகையில்லா மருந்தை இடலாகாது. அதன் விசையைப் பழங்குழல் தாங்காது. போருக்கு இட்ட அளவினும் குறைந்த மருந்தே தாளைத் துளைக்கப் போதும். மருந்துக் குப்பியிலிருந்து நேரே குழலிற் பெய்தலும் ஆகாது. உள்ளே ஒரு கனல் எஞ்சியிருப்பின் குப்பி முழுதும் வெடிக்கும். ஒவ்வொரு முறைக்கும் வேண்டியதைத் தனித்தனிச் சிறுகுழாயில் முன்னரே அளந்து வைத்தல் வேண்டும்.

நான்காவது, சட்டம். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், பழுது பார்த்தாலும் சுடவியலாத பழங்கருவிக்கு விலக்குத் தருகின்றது. சுடவல்லதற்கு, அஃது எத்துணைப் பழைமையுடையதாயினும், உரிமம் வேண்டும். இச்சட்டத்தைத் தளர்த்துக என்று யாம் கேட்கவில்லை. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி காட்டோரங்களில் விளைக்கும் தீங்கை நாளிதழ்கள் உரைக்கின்றன. யாம் வேண்டுவது, அரசின் உரிமம் பெற்ற சுடுகளத்தில், கழகத்தின் பொதுவுடைமையாய், பூட்டுள் வைத்த கருவியைப் பயிற்சியாளர் கண்காணிப்பிற் சுடுதல். செங்கற்பட்டுப் பக்கத்து ஒத்திவாக்கத்திற் காவல்துறையின் சுடுகளம் உளது. அத்தகைய ஒழுங்குடைய இடமே இதற்கு ஏற்றது. பொதுவுடைமை என்றதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மூலக்கருவியின் விலை செல்வர்க்கே எட்டுவது. ஒருவர் வீட்டுப் பேழைக்குள் அடங்கும் விளையாட்டு ஊருக்குப் பயன்படாது.

இஃது ஐரோப்பியர்க்கே உரிய விளையாட்டு, நம் நாட்டு மண்ணில் வேரூன்றாது என்பாரும் உளர். அவர் அயலிலுள்ள குடகு நாட்டை நோக்குக. அங்கே செப்டம்பர்த் திங்களில் வரும் கைல்போது விழாவில், வீட்டிலுள்ள துப்பாக்கிகளைத் துடைத்து வைத்து, மலர் சூட்டி வழிபடுவர். சூட்டும் மலர் யாதெனின், நம் சங்கச் சான்றோர் போற்றிய செங்காந்தளே. இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. பின்னர் மரத்தின் உச்சியிற் கட்டிய தேங்காயைக் குறிபார்த்துச் சுடுவர். குடகர் துப்பாக்கி வைத்துக்கொள்ளப் பெற்றிருந்த பழைய விலக்கை, இந்திய அரசு 2019இல் மேலும் பத்தாண்டுக்கு நீட்டித்தது. அவை பெரும்பாலும் நெடுந்துப்பாக்கிகளே, கைத்துப்பாக்கிகளல்ல. எனினும் போருக்கும் வேட்டைக்கும் பயன்பட்ட கருவி, தேங்காயொன்றை உடைத்து ஊராரை மகிழ்விக்கும் கருவியாதல் கூடும் என்பதற்கு அவ்விழாவே சான்று.

இவையனைத்தையும் தேசிய மாணவர் படையிற் பயிலும் எம் நண்பர் ஒருவரோடு வாதிட்டோம். யாம் துப்பாக்கியை வெறுத்த காலத்தில் அவர் அதனைப் போற்றினார். இன்று யாம் வரம்புகளை அடுக்கிச் சொல்லவே, "இத்தனை கட்டுப்பாட்டுக்குள் சுடுவதில் என்ன வீரம்?" என்கின்றார். வீரம் இல்லையெனின் ஒழிக! பொறுமையும் நேர்மையும் உளவெனின் அவை போதும். தாளிற் பட்ட துளை பொய் கூறாது. புகழ்பாடுவோரும் அதனை இடம் மாற்றவியலாது. தன் பிழையைத் தானே எண்ணிப் பார்க்கும் இவ்வழக்கம், வீரமென்று நாம் பேசும் பலவற்றினும் அரிது.

ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவர்களும் இதனைச் சிந்திப்பார்களாக. தம் வீட்டுப் பரணில் முன்னோர் விட்டுச்சென்ற துருப்பிடித்த துப்பாக்கியுடையோர், அதனை ஆற்றில் எறிதலும், மறைத்து வைத்தலும், தாமே மருந்திட்டுச் சோதித்தலும் ஒழிந்து, முறைப்படி அதிகாரிகட்கு அறிவிப்பார்களாக. அரும்பொருளாயின் காட்சிச்சாலை சேர்க; சுடத்தக்கதாயின் உரிமத்தோடு களம் சேர்க; எதிரே நிற்பது என்றும் தாளாகவே இருக்க.

பாட்டனார் எமக்களித்த ஈயக்குண்டை, எழுதுங்கால் தாள் பறவாதிருக்க மேல்வைத்திருக்கின்றோம். இருநூறாண்டுக்கு மேல் மண்ணிற் கிடந்தபின் அதற்கு இப்போதுதான் ஒரு தாள் எதிர்ப்பட்டிருக்கின்றது.